"நான் வாயே திறக்கவில்லை"

அன்புள்ள அம்மாவுக்கு,

காட்பாடி பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 42. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். கணவருக்கு ஷிப்ட் வேலை. ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு, வயது 16. மாமனார் காலமான பிறகு ஒன்பது வருடமாக மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும், "இன்னைக்குக் குழம்புல உப்பே இல்ல" என்பதுதான் முதல் வார்த்தை. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு மணி நேரம் அலைந்து அவருக்குப் பட்டுப்புடவை எடுத்தேன். பொங்கலுக்குள் அது ஆற்காட்டில் இருக்கும் நாத்தனார் உடம்பில் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. கணவரிடம் சொன்னால், "அம்மா எத்தனை நாளைக்கு இருக்கப்போறாங்க" என்பார். அதற்கும் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தெம்பு கொடுப்பது ஒரே ஒரு விஷயம். என் அம்மா இறந்தபோது அவர் பெட்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய புனிதர் வரலாற்றுப் புத்தகம் மட்டும்தான். அட்டை போய், முதுகில் துணி ஒட்டியிருக்கும். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் நானும் மகளும் அதில் ஒருவர் கதையைப் படிப்போம். முரட்டுக் கணவரைப் பொறுத்துக்கொண்ட ரீத்தாம்மாள், கன்னியர் மடத்தில் துணி துவைக்கிற இடத்தில் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்ட சக கன்னியாஸ்திரீயை ஒன்றும் சொல்லாத குழந்தை தெரேசா. இவர்களை நினைத்துத்தான் உப்பில்லாத குழம்பையும் புடவையையும் விழுங்கினேன். இரண்டு வருடமாக புதனும் வெள்ளியும் ஒருசந்தி உபவாசம் இருந்து அதை மாமியாருக்காகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.

மகளும் என்னைப் போலவே பக்தி. இத்தாலியப் புனிதை சியன்னா கத்தரீனம்மாள் என்றால் அவளுக்கு உயிர். நாலு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை ஒறுத்தலாக, கடவுளுக்கான தவமாக, விட்டுவிட்டாள். போன வாரம் கூட்டும்போது அவள் கட்டிலுக்கு அடியில் பாலிதீன் கவரில் நாலு இட்லி காய்ந்து கிடந்தது, காலையில் நான் கட்டிக்கொடுத்தது. யூனிஃபார்மை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டேன், இப்போது ஊக்கு குத்திக்கொண்டு போகிறாள். இரண்டு மாதமாக வீட்டுக்குத் தூரமும் ஆகவில்லை. பரீட்சை பயமாக இருக்கும். அதை விடுங்கள், சொல்ல வந்தது வேறு.

போன மாதம் நாத்தனார் பையனுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. பந்தியில் எல்லார் முன்னாலும் மாமியார், "இவ பெரிய புனிதை, நம்மகிட்ட எல்லாம் பேசமாட்டா" என்றார். கணவரும் சேர்ந்து சிரித்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெபம் வரவில்லை. புனிதைகளைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள்வது தவறா? மாமியார் மனம் மாற நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

குழம்பு, புடவை, பந்தி என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஒரு சிறிய பத்தி, அதையும் "அதை விடுங்கள்" என்று முடித்துவிட்டீர்கள். என்னால் அதை விட முடியவில்லை. உங்கள் மாமியாரை இன்று ஓரமாக வைத்துவிட்டு மகளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

நாலு மாதமாக இரவுப் பட்டினி, இரண்டு முறை பிடித்தும் நிற்காத யூனிஃபார்ம், ஒளித்து வைத்த இட்லி, நின்றுபோன மாதவிலக்கு. இதற்கு ஒறுத்தல் என்று பெயர் வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. சாப்பாட்டை மறுப்பதே ஒரு நோயாக வருவது உண்டு, வளரிளம் பெண்களிடம்தான் அது அதிகம். சொன்ன பேச்சைக் கேட்கிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் வரும். முற்றினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். அது அந்த நோயா, வேறு ஏதாவதா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஊர் ஊராக ஜனங்கள் வைத்தியத்துக்கு ரயிலேறி வந்து இறங்குவதே உங்கள் காட்பாடி ஸ்டேஷனில்தான். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். அவள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடக்கிறது என்றாலோ வாரக்கடைசி வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

சரி, இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். கத்தரீன் கடைசி வருடங்களில் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தார் என்பதை உங்கள் மகள் படித்திருப்பாள். அவர் 1380-இல் வெறும் 33 வயதில் இறந்துபோனார் என்பதையும் படித்திருப்பாள். அவள் படித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று இருக்கிறது. இப்படிச் சாப்பிடாமல் இருக்கிறாயே என்று ஃப்ளாரன்ஸ் நகரத் துறவி ஒருவர் கண்டித்தபோது கத்தரீன் அவருக்குப் பதில் எழுதினார். அதில் அவர் தம் நிலையைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதை நோய் என்றார். தினம் ஒன்றிரண்டு முறை வலிந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகவும், மற்ற மனிதர்களைப் போலச் சாப்பிடும் வரத்தைக் கடவுளிடம் கேட்பதாகவும் எழுதினார். மகள் உயிராக நேசிக்கும் புனிதை சாப்பிட முடியவில்லையே என்று ஜெபித்தவர். இதை அவளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு தெரேசா, ஸ்பெயின் நாட்டுப் புனிதை அவிலா தெரேசாவையும் சேர்த்துப் படியுங்கள். ஆன்மாவை ஒரு கோட்டையாக வைத்து 1577-இல் அவர் எழுதிய நூலில், தவமும் கண்விழிப்பும் அதிகமாகி உடல் தளர்ந்த கன்னியர் அந்த மயக்கத்தையே பரவசம் என்று நினைத்துக்கொள்வதைச் சொல்கிறார். அவர் சொல்லும் மருந்து, நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, தவத்தைக் குறை என்பதுதான். இந்த இருவரையும்தான் 1970-இல் திருச்சபை மறைவல்லுநர்களாக, விசுவாசத்தைக் கற்றுத்தரும் பெரிய ஆசான்களாக, அறிவித்தது. அப்புறம், திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான். 16 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடமையே கிடையாது. இதை நீங்கள் சொன்னால் வாதம் செய்வாள். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, அவர் வாயால் சொல்லவையுங்கள்.

இனி சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கலாம். "வாய் திறக்கவில்லை" என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள். உப்பு, புடவை, பந்திப் பேச்சு எல்லாம் தேதியோடு உங்களிடம் இருக்கிறது. குழந்தை தெரேசா அந்த அழுக்குத் தண்ணீரைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை, தெறிக்கட்டும் என்று பிரியப்பட்டு நின்றார். உங்களுடையது பொறுமை இல்லை, அம்மா, கோபம். கோபப்படுவதற்கு உங்களுக்கு நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்ல வழி தெரியாமல் பட்டினியாக மாற்றி, மாமியார் பெயரில் ஒப்புக்கொடுக்கிறீர்கள். பந்தியில் உங்கள் மாமியார் சொன்னது மோசமான பேச்சுதான். ஆனால் "நம்மகிட்ட பேசமாட்டா" என்ற பாதியில் ஒரு உண்மை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சுட்டது.

உங்களால்தான் மகளுக்கு இப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரி நோய்க்கு ஒரே காரணம் இருப்பதில்லை, பழியை வாங்கித் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த வீட்டில் வலித்தால் என்ன செய்வது என்பதற்கு அவள் கண் முன்னால் இருக்கும் ஒரே வழி, வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டை விடுவதுதான். அவளுக்கு என்ன வலிக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

கத்தரீனம்மாள் வாய் மூடி இருந்தவரும் இல்லை. துணிக்குச் சாயம் போடுகிறவர் மகள். இன்றைய பிரான்ஸில் இருக்கும் அவிஞ்ஞோனில் தங்கியிருந்த பாப்பரசர் 11-ஆம் கிரகோரியாரிடமே, ஆண்பிள்ளையாகத் தைரியமாக ரோமுக்குத் திரும்புங்கள் என்று எழுதினார். 1377-இல் பாப்பரசர் ரோமுக்குத் திரும்பினார். கத்தரீனின் கடிதங்கள் ஏறக்குறைய 380 இன்றும் இருக்கின்றன. அவரிடமிருந்து பட்டினியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் புதன், வெள்ளி ஒருசந்தியை இப்போதைக்கு நிறுத்துங்கள். கணவரிடம் இன்றே இட்லி விஷயத்தைச் சொல்லுங்கள், ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவரும் டாக்டரிடம் வரட்டும். இட்லியைக் கண்டுபிடித்ததை வைத்து மகளைத் திட்டவோ, ஊட்டிவிடுகிறேன் என்று மல்லுக்கட்டவோ வேண்டாம். ராத்திரி அவள் பக்கத்தில் உங்கள் தட்டையும் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜெபமாலைக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைச் சில நாள் மூடிவைத்துவிட்டு, "உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது, மறுநாளும் கேளுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மாமியாரைப் பற்றி அப்போது பேசலாம்.