பி.டி. பருத்தி: அடைக்கலச் செடியின் நஷ்டம் யாருக்கு? – கேள்வி பதில்

கே: விதைப் பொட்டலத்தோடு பி.டி. இல்லாத விதையும் கொடுத்தார்களே, எதற்கு ஐயா? எங்கள் பக்கம் பெரும்பாலோர் தூக்கித்தான் போட்டோம்.

ப: பி.டி. என்பது காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி. அதன் 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதா விதை வந்தது, அடைக்கலச் செடி என்பது அதுதான். வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது மொத்தப் பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை நட வேண்டும் என்பது விதி. பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அது அந்துப்பூச்சியாகி, சாதா செடியில் வளர்ந்த பூச்சியோடு சேர்ந்தால், அடுத்த தலைமுறை பெரும்பாலும் நஞ்சுக்கு அடங்கும். சாதா செடியே இல்லையென்றால் தப்பியது தப்பியதோடுதான் சேரும்.

இதை விவசாயியின் அலட்சியம் என்று முடித்துவிடுவது நியாயமில்லை. சாதா செடியைப் புழு தின்னும்; அந்த நஷ்டம் நட்டவருக்கு, பலன் ஊருக்கு, விதைக் காசு கம்பெனிக்கு. ஈடு கொடுக்க யாரும் இல்லை. இப்போது சாதா விதையைப் பொட்டலத்துக்குள்ளேயே கலந்து தருகிறார்கள். தூக்கிப் போட முடியாது, அவ்வளவுதான்.

கே: அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது, இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஏன் அடங்கவில்லை?

ப: முன்னது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும், அந்த வயல்களே அடைக்கலம். பின்னதற்குப் பருத்திதான் கதி. நம் நாட்டில் பி.டி. பெரும்பாலும் வீரிய ஒட்டாக, அதாவது இரு ரகங்களைக் கலந்த விதையாக, வந்தது இன்னொரு கோளாறு. ஒட்டுச் செடியின் ஒரே காய்க்குள் சில விதையில் நஞ்சு இருக்கும், சிலவற்றில் இராது. விதையைத் தின்னும் இந்தப் புழு, பாதி எதிர்ப்பு இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். 2002இல் அனுமதி பெற்ற முதல் விதைக்கு 2010க்குள் குஜராத்தில் எதிர்ப்பு உறுதியானது. 2006இல் வந்த இரண்டு நஞ்சு மரபணு சேர்த்த விதையும் 2015 வாக்கில் அங்கே தோற்றது.

அமெரிக்காவில் 2018இல் இந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள். பி.டி.யோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள், செடியையும் காலத்தில் அழித்தார்கள்.

கே: இப்போது வயலில் என்ன செய்ய?

ப: விதைத்த 45ஆம் நாளில், ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்தடிக்கலாம். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல் சுருண்ட பூவைப் பிரித்தால் உள்ளே புழு இருக்கும். பச்சைக் காய் 20 உடைத்துப் பார்த்து, 2 காயில் புழு கண்டாலும் அதே முடிவு. பறித்த செடியை மறுபடி தழைக்க விடும் மறுதாம்பு வேண்டாம், காய்ந்த பருத்தி மாரை (செடித் தண்டை) வரப்பில் அடுக்காதீர்கள்.

கே: விதை எடுத்து வைத்தால் வழக்காமே? 'மலட்டு மரபணு' வேறு என்கிறார்கள்.

ப: 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் பாருங்கள்: விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. அறுவடை விதை முளைக்காதபடி செய்யும் மலட்டு மரபணு விதை எங்கும் விற்பனைக்கே வரவில்லை. எடுத்து வைத்த விதை ஏமாற்றுவது ஒட்டு என்பதால். மறு விதைப்பில் உயரம், காய்ப்பு, பி.டி. எல்லாம் செடிக்குச் செடி மாறும்.

கே: மரபணு திருத்திய நெல்லை உண்பவர் எப்படி அறிவது?

ப: 2025 மே மாதம் அறிவித்த இரண்டு ரகங்களில் ஒன்று சம்பா மசூரியைத் திருத்தியது. வேற்று மரபணு இல்லாத இவ்வகைக்கு, மரபணுமாற்றப் பயிருக்கான விதிகளிலிருந்து மத்திய அரசின் 2022 மார்ச் உத்தரவு விலக்கு அளித்தது. வழக்கமான மரபணுமாற்றப் பரிசோதனை வேற்றுத் துண்டைத்தான் தேடும், அதனால் இதைப் பிடிக்காது. எந்த இடத்தில் திருத்தினார்கள் என்று வெளியிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும். விலக்கு கொடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. விதை மூட்டையில் அந்த விவரத்தை அச்சடிக்கக் கட்டாயம் வேண்டும்.