பழைய படங்களை அழித்தும் இடம் வரவில்லையா?

கூகுள் போட்டோஸ் நிரம்பிவிட்டது, பழைய குடும்பப் படங்களை அழித்தும் இடம் வரவில்லை, இனிக் காசு கட்டத்தான் வேண்டுமா என்று முல்லைத்தீவிலிருந்து கேட்டிருந்தீர்கள். முதலில் அழிப்பதை நிறுத்துங்கள்! வரம்பில்லாத இலவசச் சேமிப்பு நின்றது 2021 ஜூன் 1இல். அதற்கு முன், படத்தைச் சற்றுச் சுருக்கிச் சேமிக்கும் 'உயர் தரம்' தெரிவில் ஏற்றிய படங்கள், கூகுள் இலவசமாகத் தரும் உங்கள் 15 ஜிபி கணக்கிலேயே சேராது. அவற்றை அழித்தால் படம்தான் போகும், இடம் வராது.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் வீடியோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நான் எடுத்த ஒரே காவடி வீடியோ 3 ஜிபி! ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் அழித்தேன். அப்புறம் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 60 நாள் வரை அங்கேயே கிடக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15 ஜிபிக்குள்தான். அதில் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.