கறள் பிடிக்கிற சைலன்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்கினால் எங்கள் கராஜுக்கு வரும் முதல் முறைப்பாடு பிரேக் அல்ல, சைலன்சர்தான். இம்முறை வந்த கேள்விகளும் அதையே சுற்றி நிற்கின்றன.

மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறேன். சைலன்சருக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்தேன். இரண்டு கிழமையில் உரிந்து கறள் பிடித்துவிட்டது. எந்தப் பெயின்ற் நிற்கும்? (முல்லைத்தீவு)

தம்பி, நீங்கள் அடித்தது கேற்றுக்கு அடிக்கிற பெயின்றாக இருக்கும். தொழில் பழகிய காலத்தில் நானும் அதைத்தான் ஒருவருடைய சைலன்சருக்கு அடித்துக் கொடுத்தேன். மாங்குளம் சந்தி தாண்டமுதல் புகை கிளம்பி, மனிதர் திரும்பி வந்து ஏசினார். சாதாரண எனாமல் அந்தச் சூட்டில் கருகிவிடும். சிலிக்கோன் பிசின் கலந்த, சூடு தாங்கும் பெயின்ற் வேண்டும். ரின்னில் 600 அல்லது 650 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும். வெள்ளி நிறமாக இருந்தால் மட்டும் சூடு தாங்கும் என்றில்லை.

ஆனால் நல்ல ரின் வாங்கினாலும் பாதி வேலைதான் முடிந்தது. கறளைக் கம்பிப் பிரஷால் உரஞ்சி, எமரிப் பேப்பர் போட்டு, வெறும் இரும்பு தெரியும்வரை கொண்டுவாருங்கள். உங்கள் சைலன்சரில் உப்பும் மீன் எண்ணெயும் ஊறியிருக்கும். அதனால் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, கடைசியில் தின்னர் தோய்த்த துணியால் துடையுங்கள். அதன்பிறகு வெறுங்கை படக்கூடாது. விரல் பட்ட இடத்தில் விரல் அளவுக்கே பெயின்ற் உரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மெல்லிசாக இரண்டு மூன்று தரம் அடியுங்கள். தடிப்பாக அடித்தால் கொப்பளிக்கும். காய்ந்தமாதிரித் தெரியும், ஆனால் நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். இந்தப் பெயின்ற் இறுகுவது வெயிலில் அல்ல, சூட்டில். மறுநாள் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு நிற்பாட்டி, நன்றாக ஆறவிடுங்கள். பிறகு இருபது நிமிடம் மெதுவாக ஓடி, திரும்பவும் ஆறவிடுங்கள். மூன்றாம் தரம் அரை மணித்தியாலம் ஓடுங்கள். காற்றில் குளிர்கிற இயந்திரம் என்பதால் நின்ற இடத்திலேயே நெடுநேரம் உறுமவிட வேண்டாம்.

இன்னொன்று, மீன் பெட்டியின் ஓட்டையைப் பாருங்கள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுடுகிற சைலன்சரில் விழுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே தங்கும். ஒரு முழம் ரியூப் பூட்டி அதை வெளியே விடுங்கள். அதைச் செய்யாமல் எந்தப் பெயின்ற் அடித்தும் பலனில்லை.

முதலில் ரெட் ஒக்சைட் (இரும்புக்கு அடிக்கிற சிவப்பு அடிப்பூச்சு) அடிக்கலாமா? (துணுக்காய்)

வேண்டாம். அது அடியில் கருகி, மேலே உள்ள நல்ல பெயின்றையும் இழுத்துக்கொண்டு விழும்.

பாடசாலை வீட்டிலிருந்து அரை மைல். அவ்வளவுதான் ஓட்டம். வெளியே பெயின்ற் நன்றாக இருக்க, சைலன்சரின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஏன்? (கிளிநொச்சி)

ரீச்சர், அந்த அரை மைல்தான் காரணம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. சைலன்சர் சூடேறமுதல் நீங்கள் நிற்பாட்டிவிடுவதால், அது உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்குகிறது. புகையில் உள்ள அமிலமும் அதில் கரைந்திருக்கும். வெளிப்பூச்சு இதற்கு ஒன்றும் செய்யாது. கிழமையில் ஒருநாள் ஏ9 வீதியில் அரை மணித்தியாலம் ஓடி வாருங்கள். சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஊசித் துளை இருக்கும். புதியதில் அப்படி இருந்தால், சேறு அடைக்காமல் பாருங்கள், பழுதென்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள்.

உழவு இயந்திரத்தின் புகைக்குழாய் இற்றுவிட்டது. தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய கல்வனைஸ் பைப் மிச்சம் கிடக்கிறது, ஒட்டலாமா? (இரணைமடு)

ஐயா, விட்டுவிடுங்கள். அந்தப் பைப்பின் மேலுள்ள பூச்சு நாகம் (துத்தநாகம்), அது 419 பாகை செல்சியஸில் உருகும். வெல்டிங் பிடிக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல் வரும். சாதாரண இரும்புக் குழாயே போதும். மேல் நோக்கி நிற்கும் குழாயென்றால், நிற்பாட்டிய பிறகு வெறும் பால்மா ரின் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பண்ணமுதல் எடுக்க மறந்தால், ரின் எங்கே போய் விழும் என்று சொல்ல மாட்டேன்.

ஊர் புதுக்குடியிருப்பு, இப்போது கனடா. பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டியின் புகைக்குழாய் கோடையில் சும்மா நிற்கும்போதே கறள் பிடிக்கிறது. (ஸ்காபரோ)

நான் பனியைப் படத்தில்தான் பார்த்தேன். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது ரூ ஸ்ட்ரோக் இயந்திரமென்றால், அது எனக்குப் பழக்கம். அதில் ஒயிலும் சேர்ந்து எரிவதால் குழாயின் உட்புறம் எண்ணெய்ப் பிடிப்போடு இருக்கும், கறள் வெளியேதான் கூட. வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிப் போகும்போது வீதியில் போட்ட உப்பு தெறித்து ஒட்டுகிறது. கோடை ஈரத்தில் அந்த உப்பு வேலை செய்கிறது. பனிக்காலம் முடிந்ததும் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் மூடுங்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால் குழாய் கையோடு வரும், எனவே வெளியே வைத்து வசதியாகப் பெயின்ற் அடிக்கலாம். குளிர் நாளில் அடிக்க வேண்டாம். கறளைத் தட்ட உளியும் சுத்தியலும் எடுக்கக்கூடாது. அந்த வயிறு பெருத்த உருவம் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பவென்றே அளந்து செய்தது, நசுங்கினால் இழுவை குறையும். வண்டி நிற்கும் மாதங்களில் எலி புகாமல் வாயைத் துணியால் அடைத்து, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துண்டு கட்டிவிடுங்கள், மறக்காமல் இருக்க.

குரோம் சைலன்சரில் புள்ளி புள்ளியாகக் கறள். பெயின்ற் அடிக்கவா? (வவுனியா)

குரோமுக்கு மேல் பெயின்ற் பிடிக்காது, உரிந்துவிடும். சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஆறிய சைலன்சரில் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெது, அதனால் கீறாது. கை கறுக்கும், புள்ளி போகும். குழி விழுந்திருந்தால் அந்தக் குழி நிற்கத்தான் செய்யும்.