சுமை கூடினால் சீட் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ஐ.பி. டிப்ளமா (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற இரண்டு வருட சர்வதேசப் படிப்பு) எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் மதிப்பெண் இறங்கி நல்ல கல்லூரி கைநழுவிப் போகும் என்கிறார் என் அண்ணன். எடுக்காவிட்டால் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏறெடுத்தும் பார்க்காது என்கிறார் அவளுடைய ஆசிரியர். அமெரிக்கா அல்லது இங்கிலாந்தில் படிக்க வைப்பதாக உத்தேசம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் ‘கல்லூரி’ என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. மகளுக்கு வேதியியல் பிடிக்குமா, வரலாறு பிடிக்குமா என்பது ஓரிடத்தில்கூட இல்லை. சரி, இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

ஆசிரியர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளியின் கவுன்சலர் தனியாக ஒரு படிவம் அனுப்புவார். அதே பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஐ.பி.யே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளையை ‘ஏன் எடுக்கவில்லை’ என்று யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் பள்ளியில் இருக்கிறது. அதனால் எல்லாவற்றிலும் லேசானதைப் பொறுக்கி எடுத்தால் அது தெரிந்துவிடும். அதற்காக முழு டிப்ளமாவும் எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. வேண்டிய ஐ.பி. பாடங்களை மட்டும் தனியாகப் படித்துத் தேர்வு எழுதவும் வழி இருக்கிறது. அமெரிக்காவுக்கு அது பல நேரம் போதும். இங்கிலாந்தில் பெரும்பாலும் முழு டிப்ளமாவைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அண்ணனின் பயமும் வெறும் பயம் இல்லை. டிப்ளமாவுக்கு மொத்தம் 45 புள்ளி. சீட் தரும்போது, இறுதித் தேர்வில் வாங்கியே ஆக வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் வழக்கமாகக் கேட்பது 41, 42. அதோடு, கூடுதல் ஆழத்தில் படிக்கும் ‘ஹையர் லெவல்’ பாடங்கள் மூன்றில் ஏழுக்கு 7, 7, 6. ‘பாவம், கஷ்டமான படிப்பு’ என்று அங்கே யாரும் ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டார்கள்.

ஆனால் அண்ணனும் ஆசிரியரும் பார்க்காமல் விட்டது காலண்டரை. ஐ.பி. இறுதித் தேர்வு பொதுவாக இரண்டாம் ஆண்டு மே மாதம், முடிவு ஜூலையில். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் இங்கிலாந்தின் மருத்துவப் படிப்புக்கும் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டியது அதற்கு முந்தைய அக்டோபர் 15-க்குள். அமெரிக்காவில் முன்கூட்டியே விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1, மற்றவர்களுக்கு ஜனவரி வாக்கில். அதாவது, கல்லூரி முடிவெடுக்கும் நேரத்தில் மகளின் இறுதி மதிப்பெண் உலகத்திலேயே இருக்காது. அவர்கள் கையில் இருப்பது பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணும், இவள் இவ்வளவு வாங்குவாள் என்று ஆசிரியர்கள் கணித்துக் கொடுக்கும் ‘ப்ரெடிக்டட் கிரேடு’ம்தான். முதல் வருடம் தடுமாறிவிட்டுக் கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பெரிய வேலைகள் எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்பதும் அந்த அக்டோபரில்தான். 4,000 சொல் ‘எக்ஸ்டெண்டட் எஸ்ஸே’ என்ற ஆய்வுக் கட்டுரை, பல பாடங்களுக்கு ஆய்வறிக்கை, அப்புறம் கல்லூரிக் கட்டுரைகள்.

என் அக்கா மகன் நான்கு பாடங்களை ஹையர் லெவலில் எடுத்தான். மூன்று போதும், நான்காவது வீம்புக்கு. ஓர் அக்டோபர் இரவு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். திரையின் ஒரு பாதியில் முளைவிட்ட பயறின் நீளத்தை அளந்து போட்ட அட்டவணை. இன்னொரு பாதியில் அமெரிக்க விண்ணப்பத்துக்கான 650 சொல் கட்டுரை. அதில் மூன்று வரிதான் இருந்தது. “என்னைப் பத்தி எழுதணுமாம் மாமா. ரெண்டு வருஷமா படிச்சதைத் தவிர நான் என்ன செஞ்சேன்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. டிசம்பரில் அந்த நான்காவது பாடத்தை ஸ்டாண்டர்டு லெவலுக்கு இறக்கினார்கள். அதற்குள் கணிதத்தில் அவனுடைய கணிப்பு 7-லிருந்து 5-க்கு இறங்கி, விண்ணப்பத்தோடு போயும் சேர்ந்துவிட்டது.

எனவே ‘ஐ.பி.யா இல்லையா’ என்பதைவிட ‘எந்த மூன்று’ என்பதில்தான் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஹையர் லெவலுக்கு 240 மணி நேர வகுப்பு, ஸ்டாண்டர்டு லெவலுக்கு 150. அந்தக் கூடுதல் தொண்ணூறு மணி நேரமும் அவள் விரும்பி உட்காரும் பாடத்துக்குப் போகட்டும். பிடித்த பாடமே கல்லூரி கேட்கும் பாடமாக இருந்துவிட்டால் நல்லது. இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கணிதத்தில் இரண்டு பிரிவு உண்டு. பொறியியல், பொருளாதாரம் என்று போகிறவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ பிரிவை ஹையர் லெவலில் கேட்கும். மருத்துவம் என்றால் இங்கிலாந்தில் பெரும்பாலும் வேதியியல் ஹையர் லெவலில் வேண்டும். சுலபம் என்று மற்றதை எடுத்துவிட்டுப் பதின்மூன்று மாதம் கழித்து என்னிடம் கடிதம் போட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. மகள் இப்போது இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்? பத்தாம் வகுப்பிலேயே பன்னிரண்டு மணியைத் தாண்டுகிறது என்றால், முழு டிப்ளமாவுக்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். பத்தரைக்குத் தூங்கி, மாலையில் பந்தோ பாட்டோ கொஞ்ச நேரம் கிடைக்கிறது என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

பள்ளிகள் தொடக்கத்தில் சில வாரங்களுக்குப் பாடத்தையோ லெவலையோ மாற்ற அனுமதிப்பது உண்டு. உங்கள் பள்ளியில் அதற்குக் கடைசித் தேதி எது என்று சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது அண்ணனை விட்டுவிட்டு மகளை அழைத்துப் போங்கள்.