வாசலில் மூன்று படிகள்

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் செல்பவன். அடிக்கடி போக வேண்டிய ஒரு கட்டடத்தின் வாசலில் மூன்று படிகள் உள்ளன. சாய்தளம் அமைக்கக் கேட்டால், ‘மனத்தடைதான் பெரிய தடை, அதை வெல்லுங்கள்’ என்கிறார்கள். இது சரிதானா?

பதில்: மனத்தடை உண்டு என்பது சரி, அது யாருடைய மனத்தில் இருக்கிறது என்பதில்தான் அறிவுரை கூறுபவர்கள் தவறுகிறார்கள். 2006 ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, ஒருவர் மற்றவர்களுக்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் போவதற்குச் சுற்றுப்புறத்தில் உள்ள தடைகளோடு பிறருடைய மனப்பான்மையில் உள்ள தடைகளையும் காரணமாகத் தன் முகப்புரையிலேயே குறிப்பிடுகிறது. படியைக் கட்டியவருக்கு உங்கள் நினைவு வராமல் போனதும், கேட்ட பிறகும் அதை மாற்றத் தோன்றாததும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

‘நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம்’ என்பதும் தீர்வாகாது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆயினும் அந்த நால்வரும் ஓய்வாக இருக்கும் நேரத்தில்தான் நீங்கள் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியும் என்றாகிவிடுகிறது.

ஆகவே அளவுகளைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என்றால் மூன்றுக்கும் 45 செ.மீ.; பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 என்ற சரிவு விகிதப்படி (1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். நேராக நீட்ட இடமில்லையெனில் நடுவே சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். பெயருக்கு இரண்டு மீட்டரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஏற்றம் செங்குத்தாகி, முன்சக்கரங்கள் எழும்பி நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடும் என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: நடைபாதைகளில் புடைப்புகளுடன் பதிக்கப்படும் மஞ்சள் கற்கள் எதற்காக?

பதில்: பார்வையற்றோர் காலாலும் கைத்தடியாலும் வழியறிவதற்காக. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965 இல் உருவாக்கிய இக்கற்கள், 1967 இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் ‘இவ்வழியே செல்லலாம்’ என்பதையும், வட்டப் புள்ளிகள் ‘நின்று கவனிக்கவும்’ என்பதையும் உணர்த்துகின்றன. அவற்றின் மேல் வண்டியை நிறுத்துகிறவருக்கு அது வெறும் காலி இடம். தடியால் தடவி வருபவருக்கோ பாதை அந்த வண்டியில் முட்டி முடிந்துவிடுகிறது.