விடுதி நாயும் விரலிடுக்குச் சொறியும்

கேள்வி: பேராதனை கம்பஸ் விடுதியில் ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். வாசலில் படுக்கும் நாய்க்கு முடி கொட்டித் தோல் தடித்துப்போயிருக்கிறது. நான்தான் அதற்குச் சோறு வைப்பேன். மூன்று கிழமையாக இரவில் நித்திரை இல்லாத சொறி. விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம். இப்போது பக்கத்துக் கட்டில் தோழிக்கும் தொடங்கிவிட்டது. நாயால் வந்ததா? லீவுக்கு ஹற்றனுக்கு வீட்டுக்குப் போகலாமா?

பதில்: பெரும்பாலும் நாய் காரணமல்ல. நாய்ச் சொறிப் பூச்சி மனிதர் மேல் ஏறினால், நாய் உரசிய முன்கை, வயிறு, தொடையில் ஓரிரு நாளிலேயே சிவப்புப் புள்ளிகள் வரும். அந்தப் பூச்சியால் நம் தோலில் பெருக முடியாது. நாயோடு தொடர்பு நின்றால் சில கிழமையில் தானாக அடங்கும். விரலிடுக்குக் கொப்புளம், இரவுச் சொறி, பக்கத்துக் கட்டிலுக்குப் பரவியது, மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும், மனிதத் தோலிலேயே பெருகும் வேறு வகைச் சொறிப் பூச்சியால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிரங்குதான். முதல் தடவை தொற்றினால் சொறி தொடங்கவே நாலு முதல் ஆறு கிழமை ஆகும். அதனால் இன்னும் சொறியாத மற்ற இருவரிடமும் பூச்சி இருக்கலாம். கம்பஸ் சுகாதார நிலையத்தில் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

மருந்து பெரும்பாலும் 5% பெர்மெத்ரின் கிறீம். நாலு பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் திரும்பி வரலாம். ஒருவருக்கு 30 கிராம் அளவு தேவை. சொறியும் இடத்தில் மட்டும் பூசுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், மார்பின் கீழ், இடுப்பு, பிறப்புறுப்பு, வெட்டிய நகங்களின் அடி, எதையும் விடாதீர்கள். குளிருக்குச் சுடுநீரில் குளித்த கையோடு பூசாதீர்கள். தோல் குளிர்ந்து உலர்ந்திருக்க வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூசுங்கள். மருந்துக்குத் தப்பும் முட்டைகள் பொரிப்பதால் ஏழாம் நாள் முழுவதையும் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அதன் பின்னும் இரண்டு முதல் நாலு கிழமை சொறி இருக்கலாம். செத்த பூச்சிக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை அது. பயந்து தினமும் பூசினால் தோல் புண்ணாகும். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீம் சொறியை அடக்கிக்காட்டும், பூச்சியோ உள்ளே பெருகும்.

மலைநாட்டில் கஷ்டம் துணியில்தான். உடலை விட்ட பூச்சி வழக்கமாக இரண்டு மூன்று நாளில் சாகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆகவே பெட்சீட், துவாய், உள்ளாடை, மூன்று நாளுக்குள் உடுத்தவை எல்லாவற்றையும் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துவையுங்கள். மழையில் காயாவிட்டால் சூடாக அயர்ன் பண்ணுங்கள். துவைக்க முடியாத கம்பளி, ஸ்வெட்டரைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வையுங்கள். சுவருக்கும் கட்டிலுக்கும் மருந்தடிக்கத் தேவையில்லை.

அந்த நாய்க்கும் வைத்தியம் வேண்டும், பாவம். அதன் மேல் பழைய எஞ்சின் ஒயில் பூச விடாதீர்கள், நக்கினால் நஞ்சு. பேராதனைக் கால்நடை மருத்துவபீட வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கிறீமை விடுதிப் பூனைக்குப் பூசவே வேண்டாம், பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் கீறினாலும் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வீட்டுக்கு, இரண்டாம் பூச்சு முடிந்தபின் தாராளமாகப் போகலாம். கடந்த இரண்டு மாதத்தில் போய் அம்மா, தங்கச்சியோடு ஒரே பாயில் படுத்திருந்தால், நீங்கள் பூசும் அதே இரவில் அவர்களும் பூசும்படி இன்றே போன் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டொக்டரிடம் காட்டிய பிறகே மருந்து.