ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்கிறார்களே?

கேள்வி: பத்தாவது வரை படித்திருக்கிறேன், வயது 36. பக்கவாதத்தில் படுத்திருந்த மாமியாரைக் கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாமா என்று யோசனை. எங்கள் ஊரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் 'ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம்' என்று சொல்லி 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேலைக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த 40 ஆயிரத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகிற படிப்பு நம் நாட்டில் கிடையாது. ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவிப் படிப்பு) இரண்டு வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ டிப்ளமோ) மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு, இதில் ஒன்றை முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். ஏ.என்.எம். சேரவே பிளஸ் டூ வேண்டும், வயதும் 35-க்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் நகையை அடகு வைத்துப் படித்துவிட்டு, கவுன்சிலில் பதிவு செய்ய முடியாமல் நிற்கிற பெண்களின் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

உங்களுக்குப் பொருத்தமானது ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி, ஜி.டி.ஏ. என்பார்கள். பொதுவாகப் பத்தாவது போதும், சில மாதங்களில் முடிந்துவிடும், வார்டில் நின்று வேலை பழகுவதும் அதிலேயே வரும். மத்திய அரசின் பி.எம்.கே.வி.ஒய். என்ற திறன் பயிற்சித் திட்டத்திலும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் மூலமாகவும் இலவசமாக நடத்துகிறார்கள். எப்போதும் பேட்ச் இருக்காது, அதனால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருங்கள். தனியாரிடம்தான் சேர்வது என்றால், சான்றிதழை எந்த அமைப்பு கொடுக்கும், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வார்டு பயிற்சி என்ற இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மாமியாரைப் பார்த்தவர் என்பதால் உங்களுக்குப் பாதி தெரியும். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, காய்ச்சல் பார்த்து எழுதுவது, யூரோ பேக்கில் (குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை) எத்தனை மில்லி என்று அளந்துவிட்டுக் காலி செய்வது (நடக்க வைக்கும்போதும் அந்தப் பையை இடுப்புக்குக் கீழேயேதான் பிடிக்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போய் தொற்று வரலாம்). இதையெல்லாம் விட முக்கியமானது திருப்பிப் படுக்க வைப்பது. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என்று எலும்பு துருத்துகிற இடங்களில் எல்லாம் படுக்கைப் புண் வரும். முதலில் ஒரு சின்னச் சிவப்புதான் தெரியும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது, அந்தக் கட்டத்திலேயே நர்ஸிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். டாக்டர் ரவுண்ட்ஸில் பார்க்கிற சில நிமிடங்களில் இது கண்ணில் படாமல் போகலாம், தினமும் துடைத்துவிடுகிற உங்கள் கண்ணில்தான் படும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பக்கவாத நோயாளியை விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் பாசத்தில் செய்வது இதைத்தான். நோயாளியின் இடுப்பில் பெல்ட் போட்டு, உங்கள் முழங்காலை மடக்கித் தூக்கப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நன்றாகப் பழகுங்கள், இந்த வேலையில் முதலில் போவது உங்கள் இடுப்புதான். அப்புறம், வார்டில் கால் வைக்கும் முன்பே ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும்.

கேள்வி: ஏஜென்சி மூலம் ஒரு பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். நரம்பில் ஊசி போடவும் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ? (வாசகர், கோவை)

பதில்: மறுத்துவிடுங்கள் தம்பி. நரம்பு ஊசி நர்ஸின் வேலை, டாக்டர் எழுதியதைப் பார்த்து அவர் போட வேண்டும். பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரரும் ஏஜென்சியும் கையை உங்கள் பக்கம் நீட்டுவார்கள். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன், என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், வார விடுமுறை எது, சம்பளத்தில் ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இப்போதைய வீட்டில் நேராகச் சண்டை வேண்டாம், 'எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, ஊசிக்கு மட்டும் ஒரு நர்ஸை வந்து போகச் சொல்லுங்கள்' என்று பெரியவரின் மகனிடமோ மகளிடமோ நேரடியாகச் சொல்லிப் பாருங்கள்.